எழுதுபவர்களுக்கான பண்டிகைப் பரிசுப் பெட்டி: ஒரு மதிப்பீடு

பண்டிகைக் காலத்தில் விற்பனைக்கு வரும் தின்பண்டப் பரிசுப் பெட்டிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. காசு கொடுத்து வாங்குகிறவர் அதை உண்ணப் போவதில்லை; உண்ணப் போகிறவர் அதைத் தேர்ந்தெடுத்ததில்லை. அதனால் தயாரிப்பாளர்கள் வாங்குகிறவரின் கண்ணைக் கவர்வதிலேயே பெரும் கவனம் செலுத்துகிறார்கள். ரிப்பனை அவிழ்த்துத் திறந்த பிறகு பாதாம் நமுத்திருந்ததா, முந்திரியில் சிக்கு வாடை அடித்ததா என்பது கொடுத்தவரின் காதுக்கு எட்டுவதே இல்லை. வந்த பரிசைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. கிடைத்தவர் நன்றி சொல்லி ஓரமாக வைத்துவிடுவார், அல்லது பிரிக்காமலேயே அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். ஆகவே இந்த மதிப்பீட்டை முழுக்க முழுக்க உண்பவரின் பக்கம் நின்று எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள், நாள் முழுவதும் மேசையில் அமர்ந்து எழுதுகிறவர்களுக்கு என்றே விளம்பரப்படுத்தப்படும் ஒரு பரிசுப் பெட்டி. ஏறத்தாழ இதே உள்ளடக்கத்தோடு பல சிறு நிறுவனங்கள் விற்பதால், விற்பவரின் பெயரை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் பார்ப்போம். பெட்டிக்குள் ஆறு சிறிய தகர டப்பாக்கள் இருக்கின்றன. உப்பிடாமல் வறுத்த பாதாம், வால்நட், ஓட்டோடு கூடிய பிஸ்தா, பூசணி விதையும் சூரியகாந்தி விதையும் கலந்த கலவை, உலர்ந்த ஆப்ரிகாட்டும் க்ரான்பெர்ரியும், தேன் பூசிய முந்திரி ஆகியவை அவற்றில் உள்ளன. இவற்றோடு எழுபது சதவீத டார்க் சாக்லேட் பட்டை ஒன்றும், ஒரு குறிப்பேடும், அச்சிட்ட வாழ்த்து அட்டையும் வருகின்றன. பெட்டியின் மேல் ‘ஆரோக்கியமானது’ என்ற சொல் மட்டும் மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பாதாமும் பிஸ்தாவும் மிக நன்றாக இருந்தன. பாதாமை நடுவில் உடைத்துப் பார்த்தால் உட்புறம் வெளிர்மஞ்சளாக, சீராக வறுபட்டிருந்தது. பல் பட்டதும் நொறுங்கியது. எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டவில்லை. கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் தட்டச்சு செய்கிறவருக்கு அதுவே முதல் தகுதி. எண்ணெயில் பொரித்து மசாலா தூவிய கொட்டைகளைத் தின்றுவிட்டு விசைப்பலகையைத் தொட்டவர்களுக்கு இது புரியும்.

சத்துக் கணக்கிலும் பாதாமைக் குறை சொல்ல இடமில்லை. 28 கிராம் பாதாமில், அதாவது சுமார் 23 பருப்புகளில், ஏறத்தாழ 6 கிராம் புரதமும் மூன்றரை கிராம் நார்ச்சத்தும் உண்டு. லேபிளில் காணப்படும் கலோரி அளவைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வழக்கமான கணக்குப்படி சுமார் 170 கலோரி தர வேண்டிய 28 கிராம் முழுப் பாதாமிலிருந்து உடலுக்குக் கிடைப்பது சுமார் 129 கலோரி மட்டுமே என்று அளந்து காட்டினார்கள். பாதாமின் கொழுப்பு அதன் செல்சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. நாம் எவ்வளவு மென்றாலும் ஒரு பகுதி செரிக்காமலேயே வெளியேறிவிடுகிறது. பாதாமை முழுசாகக் கொடுத்த வகையில் தயாரிப்பாளர் நல்ல காரியம்தான் செய்திருக்கிறார். அரைத்து உருண்டை பிடித்திருந்தால் இந்தச் சலுகை குறைந்துபோயிருக்கும்.

பிஸ்தாவை ஓட்டோடு கொடுத்ததும் நல்ல முடிவு. உரித்த பிஸ்தாவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே இருக்கலாம். ஓட்டோடு இருந்தால் ஒவ்வொன்றாகத்தான் உரித்தாக வேண்டும், தின்ற கணக்கும் ஓட்டுக் குவியலாகக் கண்முன்னே நிற்கும். வாக்கியம் ஒன்று நகராமல் அடம் பிடிக்கும்போது விரல்களுக்கு ஒரு வேலையும் கிடைக்கிறது. ஓடுகளைப் போட ஒரு சிறு கிண்ணத்தையும் சேர்த்து வைக்கலாம் என்று தயாரிப்பாளருக்குத் தோன்றாதது ஆச்சரியம், குறிப்பேட்டுக்குப் பட்டுக் கயிறு கட்டத் தோன்றியிருக்கும்போது.

வால்நட்டில்தான் ஏமாற்றம். டப்பாவைத் திறந்த உடனேயே பழைய வார்னிஷைப் போன்ற ஒரு வாடை மெலிதாக எழுந்தது. மென்றபோது தோலுக்கு இயல்பாக உள்ள துவர்ப்பைத் தாண்டி, தொண்டையில் தங்கும் காறல் தெரிந்தது. சிக்குப் பிடிக்கத் தொடங்கிய கொட்டைக்கு அடையாளம் இதுவே. இதன் காரணம் வால்நட்டின் பெருமைக்குள்ளேயே இருக்கிறது. 28 கிராம் வால்நட்டில் சுமார் இரண்டரை கிராம் அளவுக்குத் தாவர வகை ஒமேகா-3 கொழுப்பு இருப்பதால்தான் அதை மருத்துவர்கள் புகழ்கிறார்கள். அதே கொழுப்புதான் காற்று, வெளிச்சம், வெப்பம் மூன்றுக்கும் எளிதில் இடம் கொடுத்துக் கெடுகிறது. எனவே வால்நட்டைப் பொறுத்தவரை பேக் செய்த தேதி விலையைவிட முக்கியமானது. இந்தப் பெட்டியின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் தேதியோ பெட்டியைக் கட்டி முடித்த தேதி. உள்ளே ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் தனித்தனியே சிறு எழுத்தில் வேறு தேதிகள் இருக்கின்றன. வால்நட்டின் தேதி பெட்டியின் தேதிக்குப் பல வாரங்கள் முந்தியது. வாங்குகிறவர் அட்டையைக் கிழிக்காமல் அதைப் பார்க்க வழியே இல்லை. பண்டிகைக்கு மாதங்கள் முன்பே சரக்கை நிரப்பிக் கிடங்கில் அடுக்குவதும், வாங்கியவர் சில நாள் வைத்திருந்து கொடுப்பதும், பெற்றவர் அழகாக இருக்கிறதே என்று அலமாரியில் காட்சிக்கு வைப்பதும் இந்த வகைப் பரிசுக்கு வழக்கமான பயணம். அந்தப் பயணத்தைத் தாங்காத கொட்டையை, உள்ளே வெள்ளிப் பை கூட இல்லாத தகர டப்பாவில் போட்டது தவறு. தகர டப்பா பார்க்க அழகு. ஆனால் இதன் மூடி காற்றை முழுதாகத் தடுப்பதில்லை. மூடியபின் விரலால் நெம்பினாலே ஆடுகிறது.

உலர்பழக் கலவையையும் தேன் முந்திரியையும் வைத்துக்கொண்டு ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று வெளி அட்டையில் அச்சிட்டிருப்பதை நான் ஏற்க மாட்டேன். க்ரான்பெர்ரி இயற்கையில் கடும் புளிப்பு. இனிப்பேற்றாமல் உலர்த்தினால் பெரும்பாலோர் வாயில் வைக்க மாட்டார்கள் என்பதால், சந்தையில் கிடைக்கும் உலர் க்ரான்பெர்ரியில் ஏறக்குறைய எல்லாமே இனிப்பேற்றியவை. இந்த டப்பாவின் அடியிலும் ‘ஆப்பிள் சாறு செறிவு’ என்று பொருட்பட்டியலில் இருக்கிறது. முந்திரியில் தேன். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேன், பாகு, பழச்சாறு, சாற்றுச் செறிவு ஆகியவற்றில் உள்ள இனிப்பையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையோடு ஒரே வகையில்தான் வைக்கிறது. அந்த வகை முழுவதும் சேர்ந்து நாள் முழுவதற்கான ஆற்றலில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், ஐந்து சதவீதத்துக்குக் கீழே, அதாவது பெரியவர்களுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் கொண்டுவந்தால் இன்னும் நல்லது என்றும் கூறுகிறது. சர்க்கரை மூட்டையைத் திறக்கவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். நாக்குக்கும் பல்லுக்கும் அந்த வேறுபாடு தெரியாது. முழு ஆப்ரிகாட்டில் இயற்கையாக உள்ள இனிப்பு இந்தக் கணக்கில் வராது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அளவில் டப்பாவின் பாதிப் பகுதிக்கு மட்டும் பாராட்டு உரியது.

ஆப்ரிகாட்டைப் பற்றி இன்னொரு சொல். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அது கந்தக டை ஆக்சைடு ஏற்றியது என்று கொள்ளலாம். ஏற்றாத பழம் பழுப்பாக, சுருங்கி, பார்க்கச் சுமாராக இருக்கும், ஆனால் சுவையில் ஆழம் கூடுதல். இந்தப் பெட்டியில் இருந்தது பழுப்பு நிறப் பழம். கண்ணுக்காகவே கட்டப்பட்ட ஒரு பெட்டியில் கண்ணுக்குப் பிடிக்காத ஒன்றைத் துணிந்து வைத்தது மதிக்கத்தக்கது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குக் கந்தக டை ஆக்சைடு மூச்சுத் தொல்லை தரும் என்பதால், யாருக்குப் போகிறது என்று தெரியாத பரிசில் இதுவே சரியான தேர்வும்கூட.

சாக்லேட் நல்ல தரம். எழுபது சதவீதம் என்றால் மீதி முப்பதில் பெரும்பகுதி சர்க்கரை என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். பட்டையின் ஓரத்தில் வெண்மையாகப் படிந்திருந்தது பூஞ்சையன்று. வழியில் சூடுபட்டுக் கொக்கோ வெண்ணெய் இளகி மீண்டும் உறைந்ததன் தடம் அது. கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடுகிறது, பார்சல் வண்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டுவது எளிது. தின்னக் கெடுதலில்லை, மொறுமொறுப்புதான் போய்விடுகிறது. விதைக் கலவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: புதிதாக இருந்தது, ஆனால் மேசையில் வைத்துத் தின்றால் சூரியகாந்தி விதைகள் விசைகளின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. தயிரிலோ சாலடிலோ தூவிச் சாப்பிடுவதே அதற்கு ஏற்ற இடம்.

அளவு பற்றியும் ஒரு குறை. ஒவ்வொரு டப்பாவிலும் 120 கிராம் இருக்கிறது. ஒரு வேளைக்கு எவ்வளவு என்ற குறிப்பு எங்கும் இல்லை. மத்தியதரைக் கடல் பகுதி உணவுமுறை இதய நோயைத் தடுக்குமா என்று பார்க்க ஸ்பெயினில் நடந்து, 2013-இல் முடிவுகள் வெளியான ப்ரெடிமெட் ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் கொட்டைகள் கொடுத்தார்கள்: 15 கிராம் வால்நட், மீதி பாதாமும் ஹேசல்நட்டும். பங்கேற்பாளர்களைப் பிரித்த முறையில் குறை கண்டு அந்தக் கட்டுரை 2018-இல் திரும்பப் பெறப்பட்டு, மறு பகுப்பாய்வுக்குப் பின் அதே போக்கிலான முடிவோடு மீண்டும் வெளியானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எப்படியானாலும் ஒரு கைப்பிடி என்பதே கொட்டைகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. எழுத்தில் மூழ்கியிருக்கும்போது 120 கிராம் டப்பா திறந்த நிலையில் கையருகே இருந்தால், அந்த அத்தியாயம் முடியும் முன் டப்பா முடிந்துவிடும். முப்பது கிராம் பொட்டலங்களாகப் போட்டிருந்தால் குப்பை கூடும் என்பது நியாயமான மறுப்பு. டப்பாவுக்குள் ஒரு சிறு மர அளவைக் கரண்டியைப் போட்டிருந்தால் இரண்டு குறையும் தீர்ந்திருக்கும்.

குறிப்பேடு எதிர்பார்த்ததைவிட மேல். நூல் தையல் போட்ட கட்டு என்பதால் எந்தப் பக்கத்தில் பிரித்தாலும் தட்டையாகப் படிந்து கிடக்கிறது. தாள் சதுர மீட்டருக்கு 100 கிராம் எடை வகை, மைப்பேனாவால் எழுதினாலும் மறுபக்கம் ஊறவில்லை, எழுத்து பிசிறடிக்கவும் இல்லை. கோடு போட்ட தாள் என்பது மட்டும் என் ரசனைக்கு ஒத்துவரவில்லை. வாழ்த்து அட்டையில் நான்கு வரி ஆங்கிலக் கவிதையை முழுப் பக்கமும் அச்சிட்டு, கொடுப்பவர் கையால் எழுத ஒரு விரல் அகல இடம்கூட விடவில்லை. எழுதுகிறவருக்கு எழுதுகிறவர் கொடுக்கும் பரிசில் இப்படியொரு அட்டையை வைக்க எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. அதை எடுத்துவிட்டு, குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே இரண்டு வரி எழுதிக் கொடுப்பது நல்லது.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் வெளி அட்டை சொல்லியிருக்க வேண்டும். கொட்டை ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம். ஆறு டப்பாவும் ஒரே இடத்தில் நிரப்பப்பட்டவை என்று சிறு எழுத்தில் இருப்பதால், பழத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற சமாதானமும் செல்லாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கொட்டை மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. தேன் பூசிய எதையும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தரக் கூடாது.

தேன் முந்திரியையும் வால்நட்டையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு டப்பா பிஸ்தாவும் ஒரு டப்பா வறுத்த கடலையும் வைத்து விற்றால் தயங்காமல் வாங்கிக் கொடுப்பேன். இப்போதுள்ள நிலையில், வால்நட்டின் பேக் தேதியை விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பதில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். பாதாம், பிஸ்தா, குறிப்பேடு மூன்றையும் அதே விற்பனையாளர் உதிரியாகவும் விற்கிறார். அவற்றை வாங்கி ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தால், அலங்காரப் பெட்டிக்குப் போகும் பணத்தில் இன்னொருவருக்கும் ஒரு குறிப்பேடு வாங்கலாம். பெட்டியாகவே உங்கள் கைக்கு வந்துவிட்டதென்றால் வால்நட்டை முதலில் முகர்ந்து பாருங்கள். நன்றாக இருந்தால் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மற்றவற்றை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.