துள்ளும் ரீடிங்கை அடக்கும் ஃபில்டர்: மின்காந்த ஃப்ளோமீட்டர் ஒன்றின் மதிப்பீடு

கூழ் (திடப்பொருள் கலந்த திரவம்) செல்லும் லைனில், ஓட்டம் சீராக இருக்கும்போதே ரீடிங் மேலும் கீழும் துள்ளும் தொல்லை தாங்காமல், டிஜிட்டல் ஃபில்டர் வசதியுள்ள மின்காந்த ஃப்ளோமீட்டர் (குழாயில் ஓடும் திரவத்தின் ஓட்டத்தைக் காந்தப்புலத்தின் உதவியால் அளக்கும் கருவி) ஒன்றைப் பொருத்தினோம். டேம்பிங் வேறு, துள்ளலைத் தள்ளும் ஃபில்டர் வேறு என்று இரண்டையும் தனித்தனியே அமைக்க விடுவதே இதன் பெரும்பலம்.

டேம்பிங் எல்லா மாற்றத்தையும் பாகுபாடின்றி மெதுவாக்கும். அதை 3 விநாடி என்று வைத்தால், ஓட்டம் சட்டென மாறும்போது 3 விநாடியில் அம்மாற்றத்தின் 63 சதவீதத்தையே ரீடிங் எட்டும். 99 சதவீதத்தை எட்ட ஏறத்தாழ 14 விநாடி பிடிக்கும். டிஸ்பிளே ஆடாமல் நிற்க வேண்டும் என்பதற்காக அதை 20 விநாடிக்கு ஏற்றிவிட்டால், கண்ட்ரோல் வால்வு பழைய தகவலை நம்பித் திறந்து மூடி, ரீடிங்கைக் கொண்டு வால்வை இயக்கும் கட்டுப்பாட்டு லூப்பே ஊசலாடத் தொடங்கிவிடும். ரீடிங்கைப் பெறும் பிஎல்சியிலும் (ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினி) ஒரு ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

துள்ளல் ஃபில்டரின் போக்கு வேறு. சிக்னலை எடுக்கும் உலோக முனையான எலக்ட்ரோடில் கட்டி ஏதேனும் மோதி, ரீடிங் சராசரியிலிருந்து நாம் கொடுத்த சதவீதத்துக்கு மேல் விலகினால் அதைக் கணக்கில் சேர்க்காது; அந்த விலகல் நேர வரம்பையும் தாண்டி நீடித்தால் மட்டும், உண்மையான மாற்றம் என்று ஏற்றுக்கொண்டு புதிய மதிப்புக்குத் தாவிவிடும். 5 சதவீதம், 2 விநாடி என்று அமைத்த பிறகு டேம்பிங்கை வெகுவாகக் குறைக்க முடிந்தது. பம்ப் நின்ற பின்னும் ரீடிங் 2 விநாடி அசையாமல் நின்று, பிறகு சரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆகவே சில விநாடிகளில் முடியும் பேட்ச் நிரப்புதலுக்கு (ஒவ்வொரு முறையும் குறித்த அளவை நிரப்பி நிறுத்துவது) இந்த அமைப்பு உதவாது.

கூழில் எழும் இரைச்சல் தாழ்ந்த அலைவெண்களில்தான் மிகுதி என்பதால், ஃபில்டரைத் தொடுவதற்கு முன் காந்தப்புலத்தை உண்டாக்கும் காயிலின் அலைவெண்ணை உயர்த்திப் பார்ப்பதே முறை. அந்த வசதி இதில் உண்டு. ஆனால் மெனுவின் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. அலைவெண்ணை மாற்றியபின், குழாய் நிரம்பி ஓட்டம் நின்ற நிலையில் ரீடிங்கை ஜீரோவாகச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் மேனுவல் ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடுகிறது.

எர்த்திங் சரியில்லாததையும், குழாய் முழுதும் நிரம்பாததையும், காற்றுக் குமிழ்களையும் எந்த ஃபில்டரும் சரிசெய்யாது, மறைக்கத்தான் செய்யும். ஃபில்டர்களை அணைத்துவிட்டு மூல சிக்னலைத் திரையில் பார்க்க இக்கருவி அனுமதிப்பது, அந்த வகையில் மிகவும் பயனுள்ளது.

திடப்பொருள் கலந்த லைன்களுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். சுத்தமான நீருக்கு, டேம்பிங் மட்டுமே உள்ள எளிய மாடலே போதும்.