நிக்ஸா, பெனிக்ஸா? 2023 பாக்-12 முதல் அணியின் ஒற்றை இடத்துக்கான வழக்கு

2023 டிசம்பரில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் ஒரே கேள்விக்கு இரண்டு எதிரெதிர்ப் பதில்களைப் பார்த்தார்கள். பாக்-12 கான்ஃபரன்ஸின் தலைமைப் பயிற்சியாளர்கள் ஓட்டுப் போட்டு, ஆண்டின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரராக ஒரிகன் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) போ நிக்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆல்-கான்ஃபரன்ஸ் முதல் அணியின் குவாட்டர்பேக் இடமும் அவருக்கே போனது. அதே மாதம், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையின் ஓட்டு எண்ணிக்கை வந்தது. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்.எஸ்.யு.) ஜேடன் டேனியல்ஸ் கோப்பையை வென்றார். வாஷிங்டனின் மைக்கேல் பெனிக்ஸ் ஜூனியர் 1,701 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். நிக்ஸ் 885 புள்ளிகளுடன் மூன்றாம் இடம். பயிற்சியாளர்கள் நிக்ஸை முதலில் வைத்தார்கள்; பெரும்பாலும் பத்திரிகையாளர்களால் ஆன ஹைஸ்மன் வாக்காளர்களோ பெனிக்ஸுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு புள்ளிகளைக் கொடுத்தார்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருக்கும் சியாட்டிலின் ரசிகர்களுக்கு இது இன்னும் ஆறாத புண். அவர்கள் பக்கத்து வாதம் எளிமையானது: எங்கள் ஆள் உங்கள் ஆளை இரண்டு முறை நேருக்கு நேர் தோற்கடித்தார், தோல்வியே இல்லாமல் 13 ஆட்டங்களை முடித்தார், அப்புறம் என்ன பேச்சு? கேட்டவுடன் மறுக்க முடியாத வாதம்தான். ஆனால் ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அது நான் எதிர்பார்த்த அளவுக்குத் தாங்கவில்லை.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம். அமெரிக்கக் கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகச் சேர்ந்து தங்களுக்குள் மோதுகின்றன. பருவம் முடிந்ததும் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தன் சிறந்த ஆட்டக்காரர்களை நிலைவாரியாகப் பட்டியலிடும். பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் இருப்பதால் வாஷிங்டனின் ரோம் ஒடுன்சேயும் ஒரிகனின் ட்ராய் ஃப்ராங்க்ளினும் சண்டையில்லாமல் முதல் அணியில் சேர்ந்துவிட்டார்கள். குவாட்டர்பேக்குக்கு அந்த வசதி கிடையாது. ஒரே இடம், ஒரே பெயர்.

முதலில் எண்கள். பருவத்தின் முடிவில் வரும் பௌல் ஆட்டங்களுக்கு முன்னால் வரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆல்-கான்ஃபரன்ஸ் தேர்வு அதற்குள் முடிந்துவிடுகிறது. இருவரும் ஆளுக்கு 13 ஆட்டங்கள் ஆடியிருந்தார்கள். பெனிக்ஸ் 466 முறை எறிந்து 307 முறை பந்தை ரிசீவரிடம் சேர்த்தார். 4,218 யார்டு, 33 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது), 9 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பறிப்பது). நிக்ஸ் 435 முறை எறிந்து 336 முறை சேர்த்தார். 4,145 யார்டு, 40 டச்டவுன், 3 இன்டர்செப்ஷன். யார்டுகளில் வித்தியாசம் வெறும் 73. டச்டவுனில் நிக்ஸ் 7 அதிகம். எதிரணியிடம் பந்தைப் பறிகொடுத்ததில் பெனிக்ஸின் கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான். போதாததற்கு நிக்ஸ் அந்தப் பருவத்தில் 6 டச்டவுன்களைத் தானே ஓடிச் சேர்த்தார். வலது முழங்கால் இரண்டு முறை கிழிந்து இரண்டு முறையும் எழுந்து வந்த பெனிக்ஸிடம் அந்த ஓட்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

இந்த இடத்தில் வாஷிங்டன் தரப்பு உடனே சொல்வது: நிக்ஸ் எறிந்ததெல்லாம் குட்டிக் குட்டிப் பாஸ், பக்கவாட்டில் தள்ளிவிட்டால் ரிசீவர் ஓடிக்கொள்வார், அதனால்தான் எறிந்ததில் 77 சதவீதம் சேர்ந்தது. இதில் பாதி உண்மை. சேர்ந்த ஒவ்வொரு பாஸுக்கும் பெனிக்ஸ் சராசரியாக 13.7 யார்டு எடுத்தார், நிக்ஸ் 12.3. அதாவது பெனிக்ஸின் பாஸ்கள் நீளமானவைதான். ஆனால் எறிந்த ஒவ்வொரு பாஸுக்கும் என்று கணக்கிட்டால் படம் திரும்புகிறது: நிக்ஸுக்கு 9.5 யார்டு, பெனிக்ஸுக்கு 9.05. குட்டிப் பாஸ் மட்டுமே எறிகிறவரால் ஒவ்வொரு எறிக்கும் ஒன்பதரை யார்டு எடுக்க முடியாது. தவறவிட்ட பாஸ்களுக்கும் ஒரு விலை உண்டு. நீளமான பாஸின் அழகைப் பேசும்போது அந்த விலையை மறந்துவிடுகிறோம்.

பயிற்சியாளர்கள் ஏன் நிக்ஸ் பக்கம் சாய்ந்தார்கள் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் ஆட்ட அட்டவணையில் இருக்கிறது. அப்போது பாக்-12இல் 12 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் 9 கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள். ஆகவே எல்லோரும் எல்லோருடனும் மோதவில்லை. 2023இல் ஒரிகனையும் வாஷிங்டனையும் சந்தித்த அணிகள் ஏழு மட்டுமே: கலிஃபோர்னியா, அரிசோனா ஸ்டேட், ஸ்டான்ஃபோர்டு, யு.எஸ்.சி., யூட்டா, ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். தங்கள் சொந்த ஆட்டக்காரருக்குப் பயிற்சியாளர்கள் ஓட்டுப் போடக்கூடாது என்பது விதி. எனவே ஒரிகனின் பயிற்சியாளர் டான் லானிங் நிக்ஸுக்கும், வாஷிங்டனின் அன்றைய பயிற்சியாளர் கேலன் டிபோர் பெனிக்ஸுக்கும் போட்டிருக்க முடியாது. இருவரையும் எதிர்த்துத் திட்டம் தீட்டி ஆடிய ஏழு அணிகளின் அனுபவமே இந்தத் தேர்வில் எடை மிகுந்தது.

அந்த ஏழு அணிகளுக்கு என்ன நடந்தது? அரிசோனா ஸ்டேட் வாஷிங்டனிடம் 15-7 என்று தோற்றது, ஒரிகனிடம் 49-13. யூட்டா வாஷிங்டனிடம் 35-28, ஒரிகனிடம் சொந்த மைதானத்தில் 35-6. ஸ்டான்ஃபோர்டு வாஷிங்டனிடம் 42-33, ஒரிகனிடம் 42-6. ஒரிகன் ஸ்டேட் வாஷிங்டனிடம் 22-20, ஒரிகனிடம் 31-7. வாஷிங்டன் ஸ்டேட் 24-21, 38-24. கலிஃபோர்னியா 59-32, 63-19. யு.எஸ்.சி. மட்டும் இருவரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் தோற்றது: 52-42, 36-27. ஏழில் ஆறு அணிகளை ஒரிகன்தான் மோசமாக அடித்தது. அந்த இடத்தில் நின்ற ஒரு பயிற்சியாளரிடம் இந்த இருவரில் யாரைத் தடுக்க முடியவில்லை என்று கேட்டால் என்ன சொல்வார்? பெனிக்ஸை எதிர்த்து ஆடிய நாளில் அவர் பெரும்பாலும் கடைசி வரை ஆட்டத்தில் இருந்தார். நிக்ஸை எதிர்த்து ஆடிய நாளில் பெரும்பாலும் இல்லை.

அரிசோனா ஸ்டேட் ஆட்டங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிக்ஸ் அவர்களுக்கு எதிராக 404 யார்டு, 6 டச்டவுன். பெனிக்ஸ் அவர்களுக்கு எதிராக ஒரு டச்டவுன் பாஸ்கூட எறியவில்லை, 2 இன்டர்செப்ஷன் கொடுத்தார். வாஷிங்டனின் தாக்குதல் அணி அன்று ஒரு டச்டவுனும் எடுக்கவில்லை. வாஷிங்டனின் தடுப்பாட்டக்காரர் மிஷேல் பாவெல் எதிரணியின் பாஸைப் பறித்து 89 யார்டு ஓடியதால்தான் அந்த வெற்றி வந்தது. அதைத் தோற்றிருந்தால் பெனிக்ஸின் பருவத்தைப் பற்றி இன்று வேறு விதமாகப் பேசிக்கொண்டிருப்போம்.

இன்னொரு கணக்கும் உண்டு. முதல் ஆறு ஆட்டங்களில் பெனிக்ஸ் 20 டச்டவுன் எறிந்தார். அடுத்த ஏழு ஆட்டங்களில் 13. பருவம் இறுக இறுக அவருடைய வேகம் குறைந்தது. நிக்ஸிடம் அந்தச் சரிவு தெரியவில்லை.

சரி, அந்த இரண்டு நேரடி மோதல்களுக்கு வருவோம். பெனிக்ஸின் வழக்கு முழுவதும் அங்கேதான் இருக்கிறது, அதை அவசரமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

2023 அக்டோபர் 14, சியாட்டில், ஹஸ்கி ஸ்டேடியம். கடைசி இரண்டேகால் நிமிடம் இருக்கும்போது ஒரிகன் 33-29 என்று முன்னால் இருந்தது. நடு மைதானத்துக்குப் பக்கத்தில் நான்காவது டவுன் (பந்தை வைத்திருக்கக் கிடைக்கும் கடைசி முயற்சி), தேவை 3 யார்டு. லானிங் பந்தை உதைத்து அனுப்பாமல் ஆடச் சொன்னார், பலிக்கவில்லை. பந்து பெனிக்ஸ் கைக்கு வந்தது. இரண்டே எறிகள். முதலாவது ஜேலின் போல்க்குக்கு 35 யார்டு. இரண்டாவது ஒடுன்சேக்கு 18 யார்டு, டச்டவுன். அந்தப் பருவத்தின் மிக அழகான ஆட்டத் தருணம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைச் சொல்வேன். 36-33.

அதற்குப் பிறகு நடந்ததை வாஷிங்டன் ரசிகர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. மீதியிருந்த ஒன்றரை நிமிடத்தில் நிக்ஸ் தன் அணியை ஃபீல்டு கோல் (உதைத்து 3 புள்ளி எடுப்பது) தூரத்துக்குக் கொண்டுபோனார். கடைசி நொடியில் கேம்டன் லூயிஸின் 43 யார்டு உதை விலகிப் போனது. அது உள்ளே போயிருந்தால் ஆட்டம் ஓவர்டைமுக்குப் போயிருக்கும். நிக்ஸ் அன்று 44 எறிகளில் 33 சேர்த்து 337 யார்டு எடுத்தார், பந்தைப் பறிகொடுக்கவே இல்லை. பெனிக்ஸ் 302 யார்டு, 4 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன். இதில் யார் யாரைத் தோற்கடித்தார்? இரண்டு குவாட்டர்பேக்குகளும் ஒரே நேரத்தில் மைதானத்தில் நிற்பதே இல்லை. ஒருவர் ஆடும்போது இன்னொருவர் ஓரத்தில் நின்று பார்க்கிறார். லானிங் அன்று நான்காவது டவுனில் மூன்று முறை எடுத்த துணிச்சலும் விலகிப் போன ஒரு உதையும் நிக்ஸின் கணக்கில் எழுதப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டிசம்பர் 1, லாஸ் வேகாஸ், கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம். பந்தயக்காரர்கள் ஒரிகன்தான் ஜெயிக்கும் என்றார்கள். வாஷிங்டன் 20-3 என்று ஏறியது, ஒரிகன் 24-20 என்று திரும்பி வந்தது, கடைசியில் வாஷிங்டன் 34-31. அன்று இருவரில் மேலாக ஆடியவர் பெனிக்ஸ்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை: 319 யார்டு எடுத்தார், நிக்ஸ் 239இல் நின்றார். இருந்தாலும் ஆட்டத்தின் முதுகெலும்பு வாஷிங்டனின் ஓட்டக்காரர் டில்லன் ஜான்சன். 152 யார்டு ஓடினார் அவர். பெனிக்ஸுக்கு இந்த ஆட்டத்தை முழுதாகக் கொடுக்கிறேன். அக்டோபர் ஆட்டத்தைப் பாதி கொடுக்கிறேன். ஆனால் மீதி ஆட்டங்கள் முழுக்க நிக்ஸ் காட்டிய தூரத்தை இந்த இரண்டும் சேர்ந்து அடைத்துவிடுகிறதா என்றால், இல்லை.

இன்னொரு வாதமும் அடிக்கடி வரும்: நெருக்கடியில் ஜெயிக்கத் தெரிந்தவர் பெனிக்ஸ். அக்டோபர் 14 முதல் வாஷிங்டன் ஆடிய எட்டு ஆட்டங்களும் 10 புள்ளி வித்தியாசத்துக்குள் முடிந்தன, எட்டிலும் வென்றது. அசாதாரணமான சாதனை. அதற்காக அந்த அணியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். அரிசோனா ஸ்டேட் ஆட்டம் பாவெலின் வெற்றி. யு.எஸ்.சி. ஆட்டத்தில் ஜான்சன் 256 யார்டு ஓடி 4 டச்டவுன் எடுத்தார். ஆப்பிள் கப் என்று அழைக்கப்படும் உள்மாநில மோதலில் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு எதிராகத் தங்கள் பாதியிலேயே நான்காவது டவுனில் ஒடுன்சே பந்தைக் கையில் வாங்கி 23 யார்டு ஓடினார், க்ரேடி கிராஸ் கடைசி நொடியில் 42 யார்டு ஃபீல்டு கோல் அடித்தார். இவை ஒரு பெரிய அணியின் வெற்றிகள். அணியின் வெற்றிக்கு ஏற்கெனவே கான்ஃபரன்ஸ் பட்டம் என்ற பரிசு இருக்கிறது, அதை வாஷிங்டன் வாங்கியும்விட்டது.

துணைக்கு யார் இருந்தார்கள் என்ற வாதத்தில் நான் அதிக நேரம் செலவிட மாட்டேன். நாட்டின் சிறந்த தாக்குதல் லைனுக்கான (குவாட்டர்பேக்கை முன்னால் நின்று காக்கும் வரிசை) ஜோ மூர் விருது வாஷிங்டனுக்குப் போனது. அந்த வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர்களில் சிறந்தவருக்கான ரிமிங்டன் கோப்பை ஒரிகனின் ஜாக்சன் பவர்ஸ்-ஜான்சனுக்குப் போனது. இருவரும் நல்ல பாதுகாப்பில்தான் எறிந்தார்கள்.

ஆகவே என் ஓட்டு நிக்ஸுக்கு. பெனிக்ஸின் ஆட்டத்தைத்தான் நான் விரும்பிப் பார்ப்பேன் என்றாலும்கூட. இந்தியானாவில் நான்கு பருவங்களும் காயத்தில் முடிந்து, மேற்குக் கரைக்கு வந்து ஒரு தோல்விகூட இல்லாமல் கான்ஃபரன்ஸை வென்ற மனிதரின் கதை யாரையும் இழுக்கும். ஹைஸ்மன் வாக்காளர்களில் பலரையும் அது இழுத்திருக்கலாம், அதில் தவறும் இல்லை. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான இன்னொரு தேசிய விருதான மேக்ஸ்வெல் அவருக்கு வந்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஆல்-கான்ஃபரன்ஸ் என்பது ஒரு கான்ஃபரன்ஸின் ஆட்டங்களை வாரம் தவறாமல் எடைபோட்டுச் சொல்ல வேண்டிய தீர்ப்பு. அதில் நிக்ஸ் முந்துகிறார்.

பிறகு நடந்தவற்றை இதில் கலக்கக்கூடாது. டெக்சஸுக்கு எதிரான சுகர் பௌலில் பெனிக்ஸ் எடுத்த 430 யார்டையும், லிபர்ட்டிக்கு எதிரான ஃபியஸ்டா பௌலில் நிக்ஸ் எறிந்த 5 டச்டவுனையும் ஓட்டுப் போட்டவர்கள் பார்த்திருக்கவில்லை. தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2024 டிராஃப்டில் பெனிக்ஸ் எட்டாவதாகவும் நிக்ஸ் பன்னிரண்டாவதாகவும் போனதும் அப்படித்தான். தொழில்முறை அணிகள் எதிர்காலத்தை வாங்குகின்றன.

தேர்வில் எனக்குக் குறை இல்லை, தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது. யு.சி.எல்.ஏ.வின் அன்றைய பயிற்சியாளர் சிப் கெல்லிக்கும் இதில் ஒரு ஓட்டு இருந்தது. 2023இல் அவருடைய அணி ஒரிகனையும் சந்திக்கவில்லை, வாஷிங்டனையும் சந்திக்கவில்லை. அந்த ஓட்டின் எடை ஏன் யூட்டா பயிற்சியாளரின் ஓட்டுக்குச் சமமாக இருக்க வேண்டும்? இதே கான்ஃபரன்ஸில் 1980 முதல் மோரிஸ் கோப்பை என்று ஒன்று இருந்தது. சிறந்த லைன்மேன் யார் என்பதை எதிரில் நின்று மோதிய லைன்மேன்களே ஓட்டுப் போட்டுச் சொல்வார்கள். 2023இல் தாக்குதல் பக்கத்தில் வாஷிங்டனின் ட்ராய் ஃபவுடானு அப்படித்தான் அதை வாங்கினார். குவாட்டர்பேக்குக்கும் அதே முறையை வைத்து, அந்த ஏழு அணிகளின் தடுப்பாட்டக்காரர்களிடம் ஓட்டைக் கொடுத்திருந்தால் நிக்ஸ் இன்னும் தெளிவாகவே வென்றிருப்பார் என்பது என் கணிப்பு. பத்து அணிகள் பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. என்ற வேறு கான்ஃபரன்ஸ்களுக்குப் பிரிந்து போனதால் பாக்-12இல் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் போனது. ஒரிகனும் வாஷிங்டனும் சேர்ந்தே போன பிக் டென்னிலாவது இதை யாராவது முயன்று பார்க்க வேண்டும். அங்கே இப்போது 18 அணிகள். ஒருவரையொருவர் சந்திக்காத பயிற்சியாளர்களின் ஓட்டு அங்கே இன்னும் அதிகம்.