ஜெர்மன் கியூமல்: ரசத்துக்கு வேண்டாம், முட்டைக்கோசுக்கு வாங்கலாம்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் சூப்பர் மார்க்கெட்டில் கியூமல் என்று எழுதியிருந்த பாக்கெட்டைச் சீரகம் என்று நினைத்து வாங்கி ரசமும் வைத்துவிட்டேன், சோம்பும் ஓமமும் கலந்த மாதிரி ஒரு வாசனை, வீட்டில் யாரும் தொடவில்லை. நம்ம சீரகத்துக்கு இங்கே க்ராய்ட்ஸ்கியூமல் என்று பெயர், பார்த்து வாங்குங்கள். கியூமல் என்பது சீமைச் சோம்பு, விதை இன்னும் கறுப்பாக, லேசாக வளைந்திருக்கும்.

சரி, காசு கொடுத்தாச்சே என்று மீதியை முட்டைக்கோஸ் பொரியலில் தாளித்தேன். அட, பிரமாதம்! அரை டீஸ்பூன் போதும், கருகினால் கசக்கும். உருளைக்கிழங்கு வேகும் தண்ணீரிலேயே கொஞ்சம் போடுவது இந்த ஊர்ப் பழக்கம், அதுவும் பிடித்துவிட்டது. பொடியாக மட்டும் வாங்காதீர்கள், வாசனை சீக்கிரம் போய்விடும். முழு விதையாக வாங்கி, வேண்டும்போது இடித்துக்கொள்ளலாம். அடுத்த பாக்கெட்டும் வாங்கியாச்சு.