மீண்டும் வந்த காண்ட்ரோசர்கோமா: அறுவையா, காமா நைஃபா, புரோட்டானா?

மண்டையோட்டின் அடிப்பகுதியில் குருத்தெலும்பிலிருந்து கிளைக்கும் காண்ட்ரோசர்கோமா என்ற புற்றுநோய்க் கட்டி அரிதானது, மெதுவாக வளர்வது, கீமோதெரபிக்குப் பெரும்பாலும் மசியாதது. முதல் அறுவைக்குப் பல ஆண்டுகள் கழித்து, எதிரே வரும் பேருந்து என் அக்காவுக்கு இரண்டாகத் தெரியத் தொடங்கியபோது, கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாவது நரம்பைக் கட்டி மறுபடியும் அழுத்துவதை எம்.ஆர்.ஐ. காட்டியது.

அறுவையை மட்டும் நம்புவது முதல் வழி. மூக்கின் வழியே எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயைச் செலுத்துவதால் மண்டையைத் திறக்க வேண்டியதில்லை என்றாலும், பழைய வடுவுக்குள், மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோடிட் தமனியை ஒட்டிச் சுரண்டும்போது எச்சமே மிஞ்சாது என்று எந்த மருத்துவரும் உறுதி தருவதில்லை. பல திசைகளிலிருந்து காமா கதிர்களைக் கட்டியில் குவிக்கும் காமா நைஃப் பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடும். ஆனால் சிறிய கட்டிக்கே பொருந்தும். அதில் எங்களுக்கு நேரடி அனுபவம் இல்லாததால் குறைத்தும் பேச மாட்டேன்.

நாங்கள் தேர்ந்தது, இயன்றவரை அகற்றிவிட்டுப் புரோட்டான் கதிர்வீச்சு கொடுப்பதை. முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: கட்டிக்கும் மூளைத்தண்டுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர்? கட்டி அடங்க ஏறத்தாழ 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வேண்டும்; மூளைத்தண்டும் பார்வை நரம்பும் பாதுகாப்பாகத் தாங்குவதோ 54 முதல் 60 கிரே வரைதான். புரோட்டான் கற்றை குறித்த ஆழத்தில் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். எனினும் கட்டி மூளைத்தண்டில் ஒட்டிக் கிடந்தால் அந்த விளிம்புக்கு மட்டும் அளவைக் குறைத்தாக வேண்டும். மறுபடி முளைக்கும் ஆபத்தும் அங்கேதான் அதிகம். ஆகவே இரண்டாம் அறுவையின் முதல் நோக்கம் முழுதாக எடுப்பதன்று, இடைவெளி உண்டாக்குவது. வாங்கிய கதிர்வீச்சு அந்த உறுப்புகளின் கணக்கில் நின்றுவிடும், மறுமுறை முழு அளவு தருவது கடினம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கதிர்வீச்சை அவசரப்பட்டுச் செலவிடக் கூடாது என்பது விளங்கும். அக்காவுக்கு முன்பு அது தரப்படவில்லை. ஏற்கெனவே பெற்றவர்களுக்கு என் வாதம் அப்படியே செல்லாது.

பாஸ்டனிலிருந்து 1999இல் வெளியான அறுவைக்குப் பின் கதிர்வீச்சு பெற்ற 200 நோயாளிகளின் தொகுப்பில் பத்தாண்டுக் கட்டுப்பாடு, அதாவது கட்டி அதே இடத்தில் மறுபடி வளராதிருந்த விகிதம், 98 விழுக்காடு. ஆனால் அவர்களில் மிகத் தீவிரமான மூன்றாம் தரக் கட்டி யாருக்கும் இல்லை. எனவே திசு அறிக்கையில் தரத்தைப் பார்த்த பிறகே அந்த எண்ணை நம்ப வேண்டும்.

சென்னை தரமணியில் 2019 முதல் புரோட்டான் வசதி உண்டு. செலவு பல லட்சம். வாரத்துக்கு ஐந்து நாளாக ஏறத்தாழ ஏழு வாரம். தலை அசையாதிருக்க இளக்கி முகத்தில் பதித்த வலைமுகமூடியின் கட்டங்கள் அக்காவின் கன்னத்தில் மதியம் வரை தெரியும். சிகிச்சை முடிந்தபின் எம்.ஆர்.ஐ.யோடு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களையும் செவித்திறனையும் ஆண்டுதோறும் சோதித்துவர வேண்டும். கதிர்வீச்சின் பாதிப்பு சில ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டக்கூடும்.