ஃபெரெட்டுக்குப் பச்சை இறைச்சி: மூடிய உணவுப் பெட்டி வாங்கலாமா?

ஃபெரெட் என்பது கீரியைப் போல் நீண்ட உடல் கொண்ட, இறைச்சி உண்ணும் சிறு வளர்ப்புப் பிராணி. அதை வளர்ப்பவர்களில் பலர் பச்சை இறைச்சி கொடுக்கத் தயங்குவதற்குச் சத்துக் கணக்கைவிடவும் பெரிய காரணம் ஒன்று உண்டு. சோபாவுக்கு அடியிலும் ஃபெரெட் படுத்துறங்கும் துணித் தூளியின் மடிப்பிலும் ஒளித்து வைக்கப்பட்டு, நாற்றம் வந்த பிறகே கண்ணில் படும் இறைச்சித் துண்டுதான் அது. இந்தத் தொல்லைக்காகவே விற்கப்படும் மூடிய உணவுப் பெட்டியை எங்கள் வீட்டு ஃபெரெட்டுகள் இரண்டுக்கும் அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். கூண்டுக் கம்பியில் மாட்டும் கிண்ணம், தரையில் விரிக்கும் விரிப்பு ஆகியவற்றைக் காட்டிலும் இது நன்றாகவே உதவுகிறது என்பது என் கருத்து. ஆனாலும் வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டிய குறைகள் இதில் உள்ளன.

கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆன, ஏறத்தாழ 50 லிட்டர் கொள்ளும் பெட்டி இது. பக்கவாட்டில் ஒரு வட்ட வாசல், மேலே கொக்கி போட்டு இறுக்கும் மூடி, உள்ளே ஓரம் உயர்ந்த ஒரு எவர்சில்வர் தட்டு, இவ்வளவுதான். வாசலின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால் இரத்தமும் நீரும் வெளியே வழிவதில்லை.

கிண்ணமும் விரிப்பும் சிந்துவதைத்தான் தடுக்கின்றன. ஆனால் ஃபெரெட் வீட்டை அசுத்தமாக்குவது சிந்துவதால் அல்ல, தூக்கிச் சென்று பதுக்குவதால். அதன் குடல் குட்டையானது. உண்டது மூன்று நான்கு மணி நேரத்திலேயே வெளியேறிவிடும் என்பதால் ஒரே வேளையில் வயிறு நிறையத் தின்று முடிக்காமல் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அடுத்த வேளைக்கானதை இருட்டான, நெருக்கமான ஓர் இடத்தில் ஒளித்து வைக்கும். இந்தப் பெட்டியின் உட்புறமே அப்படிப்பட்ட இடமாக இருப்பதால், இறைச்சியை வேறெங்கும் கொண்டுபோக வேண்டிய அவசியம் அதற்குப் பெருமளவு குறைந்துவிடுகிறது. அதனால்தான் ஒளி புகாத நிறத்தில் உள்ளதையே வாங்கச் சொல்வேன். கண்ணாடி போன்ற பெட்டியில் நமக்கு வேடிக்கை பார்க்க வசதி உண்டு, ஆனால் பதுங்குமிடம் என்ற உணர்வு ஃபெரெட்டுக்கு வராது.

எங்களிடம் உள்ள ஆண் ஃபெரெட் கோழி இறக்கையை மூட்டருகே கவ்விக்கொண்டு பின்னோக்கி நடந்தே வாசல்வரை வரும். உடல் வெளியே வந்துவிடும். இறக்கை மட்டும் வட்ட விளிம்பில் குறுக்காக மாட்டிக்கொள்ளும். இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டு, மீண்டும் உள்ளே நுழைந்து தட்டிலேயே வைத்துக் கடிக்கத் தொடங்கும். துண்டின் அளவு எவ்வளவு முக்கியம் என்பது இதில் விளங்கும். சிறு சதுரங்களாக நறுக்கினால் சுத்தமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் வாயில் கவ்வி ஓடுவதற்கு மிக வசதியானவை அவைதான். கொத்திய இறைச்சி தட்டைவிட்டு நகராது என்றாலும் கடித்துக் கிழிக்கும் வேலையை அது பல்லுக்குத் தராது. எலும்போடு கூடிய பெரிய துண்டே நல்லது. அந்த எலும்பு பச்சையாகவே இருக்க வேண்டும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

முதல் நாட்களில் துண்டோடு வெளியே வந்தால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அடுத்த முறை இன்னும் வேகமாகக் கொண்டுபோய் இன்னும் ஆழமாக ஒளிக்கும். ஃபெரெட்டையும் துண்டையும் சேர்த்தே தூக்கிப் பெட்டிக்குள் வைத்தால் போதும். குட்டிப் பருவத்தில் பழகிய உணவை மட்டுமே உணவென்று கருதுவது இவற்றின் இயல்பாதலால், உலர் தீனியிலேயே வளர்ந்த ஒன்று பச்சை இறைச்சியைத் திரும்பியும் பார்க்காமல் போகலாம். அதற்காகப் பட்டினி போட்டுப் பழக்குவது ஆபத்து. நடுவயதைத் தாண்டிய ஃபெரெட்டுகளுக்குக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி உண்டாவது மிகச் சாதாரணம். சில மணி நேரம் உண்ணாமல் இருந்தாலே அவற்றின் இரத்தச் சர்க்கரை கடுமையாகக் குறைந்துவிடும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். வாசல் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை ஒன்றைப் பொருத்தித் தருகிறார்கள். ரப்பரையும் சிலிக்கோனையும் கண்டால் கடித்து விழுங்கும் பிராணிக்கு இதைவிடப் பொருந்தாத பொருள் வேறில்லை. விழுங்கிய துணுக்கு குடலை அடைத்தால் அறுவை சிகிச்சைதான் வழி. நான் அந்தப் பட்டையை முதலிலேயே கழற்றி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே பயன்படுத்தினேன். இதே காரணத்தால் சிலிக்கோன் விரிப்புகளையும் ஃபெரெட் உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், அவற்றைக் கழுவுவது எத்தனை எளிதாக இருந்தாலும். அடுத்தது வாசலின் உயரம். வயதாகிப் பின்னங்கால்கள் தளர்ந்த ஃபெரெட்டால் அதைத் தாண்ட முடியாது. வெளிப்பக்கம் ஒரு சாய்வுப் பலகை வைத்துத் தர வேண்டும். இதைவிடப் பெரிய அளவிலும் இந்தப் பெட்டி கிடைக்கிறது, ஆனால் இடம் தாராளமாக இருந்தால் மூலை ஒன்றைக் கழிப்பிடமாக்கிக்கொள்ளும் என்பதால் அது வேண்டாம்.

கழுவுவது சுலபம். உள்மூலைகள் வளைவாக இருப்பதால் கொழுப்பு தங்குவதில்லை. மூடியின் அடியில் உள்ள வரப்பை மட்டும் பழைய பல் துலக்கியால் தேய்க்க வேண்டியிருக்கிறது. முதலில் சோப்பு நீரில் கொழுப்பு முழுவதும் போகக் கழுவி, அதன் பிறகே நீர்த்த ப்ளீச்சை ஊற்ற வேண்டும். இறைச்சிப் பிசுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச் தன் வேகத்தை இழந்துவிடும். மிஞ்சிய இறைச்சியை இரண்டு மணி நேரத்திற்கு மேல் உள்ளே விடுவதில்லை. பெட்டி இருக்கிறதே என்று பழைய பதுக்கிடங்களைச் சோதிப்பதையும் நிறுத்துவதில்லை.

பெட்டி அழுக்கைத்தான் ஓரிடத்தில் நிறுத்தும், கிருமியை அல்ல என்பதை வாங்குபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்றவை ஃப்ரீசரில் உறைந்தாலும் சாவதில்லை. இறைச்சியைத் தின்ற வாயோடும் மிதித்த பாதங்களோடும் ஃபெரெட் நம் மடிக்கே வருகிறது. கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் உள்ள வீட்டில் பச்சை இறைச்சியையே தவிர்ப்பது நல்லது. மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் ஃபெரெட்டையும் தாக்கும் என்பது 1933ஆம் ஆண்டிலேயே ஆய்வகத்தில் நிறுவப்பட்டது. எச்5என்1 பறவைக் காய்ச்சலும் அதற்கு உயிராபத்தானதே, அந்த வைரஸும் உறைநிலையில் அழிவதில்லை. பறவைக் காய்ச்சல் பரவியிருக்கும் காலத்தில் பச்சைக் கோழி இறைச்சியை நிறுத்திவிட்டு, வேறு என்ன கொடுக்கலாம் என்று ஃபெரெட்டுகளுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஃபெரெட்டுகள் இருந்தால் ஆளுக்கொரு பெட்டி வாங்குங்கள். ஒரே பெட்டியில் விட்டால் வலுவானது வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும். மற்றது கிடைத்த துண்டைக் கவ்விக்கொண்டு மறுபடி சோபாவுக்கு அடியில் ஓடும்.