ஒல்லாந்தர் காலத்துக் கோப்பை என்று விற்கிறார்கள், கவனம்

யாழ்ப்பாணத்தில் பழைய பீங்கான் சாமான் தேடி வாங்குகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசை வெளியில் எடுங்கள். நகரப்பக்கமாகப் பழைய தளபாடம், பித்தளை, பீங்கான் விற்கிற ஒருவரிடம் நான் ஆறு நீலக் கோப்பைகளும் ஒரு ஊறுகாய்ச் சாடியும் வாங்கினேன், மொத்தம் 42,000 ரூபா. கோப்பைகளின் நடுவில் ஒல்லாந்தக் கம்பனியின், அதாவது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின், முத்திரை, அதுதான் வி எழுத்தின் இரண்டு கைகளிலும் ஓவும் சீயும் கோத்திருக்கிற அடையாளம். வண்ணார்பண்ணையில் ஒரு நாற்சார் வீட்டுச் சாமானாம், 95 இடப்பெயர்வுக்கு முன் வீட்டுக்காரர் கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போனாராம், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், இப்போதுதான் தோண்டி எடுத்தார்களாம். "அக்கா, நீங்கள் எடுக்காவிட்டால் கொழும்புக்காரர் நாளைக்கு வந்து அள்ளிக்கொண்டு போயிடுவினம்" என்றார்.

காசு போனதைவிட எனக்கு ஆத்திரம் இந்தக் கதையில்தான். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுக்க எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது உண்மையிலேயே எத்தனையோ வீடுகளில் வெண்கலமும் பீங்கானும் தாட்டுவைத்தார்கள், திரும்பி வந்து தோண்டி ஒன்றும் கிடைக்காதவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அந்த இழப்பைச் சொல்லி விலை ஏற்றுகிறார்கள்.

வீட்டில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்தேன். பழங்கறை என்று காட்டியதெல்லாம் தேயிலைச் சாயம், மணத்திலேயே தெரிந்தது. அடியில் மண் கலந்து பூசியிருந்த பெயின்ற் நகத்தால் சுரண்டவே கழன்றது, அதற்குள் மைக்ரோவேவில் வைக்கலாம் என்ற அடையாளம் அச்சாக இருந்தது! சாடியின் கழுத்து உடைந்து பசை வைத்து ஒட்டி, மேலால் நிறம் அடித்தது, அதுவும் தண்ணீரில் இளகிவிட்டது.

ஒல்லாந்தர் இங்கே இருந்தது 1658 முதல் 1795 வரை. அந்த முத்திரை போட்ட அசல் கோப்பைகள் பெரும்பாலும் ஜப்பானில் அரித்தா என்ற ஊரில் கையால் வரைந்து செய்தவை, போலிகளும் உலகம் முழுக்க உண்டு. கையால் வரைந்தது என்றால் இரண்டு கோப்பையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இலையும் பூவும் கொஞ்சமாவது மாறவேண்டும், கோட்டுக்குக் கோடு ஒன்றாக இருந்தால் அது அச்சு. அடி வளையத்தைத் தடவிப் பாருங்கள், பாவித்துத் தேய்ந்த இடம் சீரில்லாமல் வழவழப்பாக இருக்கும், உப்புத்தாள் போட்டது ஒரே பக்கமாகக் கீறியிருக்கும். விரலால் தட்டினால் நல்ல பீங்கான் கணீரென்று கேட்கும், வெடிப்போ ஒட்டோ இருந்தால் சத்தம் அடைத்துப்போகும். அடியில் "மேட் இன் இங்கிலாந்து" என்று முழுதாக இருந்தால் அது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுச் சாமான், அதற்கும் ஒல்லாந்தருக்கும் சம்பந்தமில்லை. அப்புறம், அசலாகவே பழையதென்றாலும் தேசிக்காய் ஊறுகாய், புளிக்கறி போட்டு வைக்காதீர்கள், பழைய மெருகிலும் நிறத்திலும் ஈயம் இருக்கலாம், புளிப்பு அதை இழுக்கும்.

திருப்பிக் கொண்டுபோய், "தம்பி, இது என்ன?" என்று அடியைக் காட்டினேன். "பழைய சாமான் விற்றால் விற்றதுதான் அக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். பற்றுச்சீட்டில் "பழைய சாமான் 7" என்று மட்டும்தான் எழுதித் தந்திருந்தார். நீங்கள் வாங்கும்போது என்ன பொருள், எந்தக் காலம், ஒட்டு உண்டா இல்லையா என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், விபரம் கேட்க 1977க்கு அழைக்கலாம். இதே கிணற்றடிக் கதையைக் கேட்டு வாங்கினவர்கள் இருந்தால் கோப்பையைக் கழுவுவதற்கு முதல் அடியையும் முகப்பையும் போட்டோ எடுத்து, பற்றுச்சீட்டோடு நீங்களும் முறைப்பாடு கொடுங்கள்.