துணிப்பெட்டியைக் காலி செய்ய எந்தத் தையல்?

வீட்டுப் பெட்டியில் சேர்ந்து கிடக்கும் துணிகளைப் போர்வையாகத் தைத்துத் தீர்க்க எந்த முறை நல்லது? முதலில் ஒரு கணக்கு. ஒற்றைக் கட்டிலுக்குச் சுமார் 60 அங்குல அகலம், 90 அங்குல நீளத்தில், துண்டுத்துணிகளை இணைத்து ஓர் ஒட்டுப்போர்வை தைப்பதாக வைத்துக்கொள்வோம். 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாக நிற்கும். குறுக்கே 13, நெடுக்கே 20, மொத்தம் 260 சதுரம். 45 அங்குல அகலத் துணியில் கரையை ஒதுக்கிவிட்டு வரிசைக்கு எட்டு எடுத்தால், இத்தனைக்கும் சேர்த்துச் சுமார் நாலேகால் மீட்டர் துணிதான் செலவாகும். வாரக்கணக்கில் உட்கார்ந்து நிறம் பார்த்து அடுக்கித் தைத்த பிறகும், பெட்டியில் ஒரு சேலை அளவுகூடக் குறைந்திருக்காது.

ஆனால் போர்வைக்கு மேல்பக்கம், நடு, பின்துணி என்று மூன்று அடுக்கு. பின்துணிக்குக் கிட்டத்தட்ட நாலேமுக்கால் மீட்டர். நடுவில் கடைப்பஞ்சு வைக்காமல் பழைய சேலையை வைத்தால் அதற்கும் அதே அளவு. ஆக, பெட்டியைக் காலி செய்வது கண்ணுக்குத் தெரிகிற மேல்பக்கம் இல்லை; உள்ளேயும் பின்னேயும் போகிற துணிதான். வெவ்வேறு முறைகளை ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில், கீழக்கரையோ தங்கச்சிமடமோ, நம் பக்கத்து வீட்டுப் பெட்டிகளில் கிடப்பதில் பாதி நாமே வாங்கியது இல்லை. விசேஷ வீட்டில் வைத்துக் கொடுத்த 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் பிட்டுகள், துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் வந்த வழவழத் துணிகள், தைத்தது போக மிஞ்சிய வெட்டுத்துணிகள், கரை மட்டும் கிழிந்த பரமக்குடிக் கைத்தறிச் சேலை. இவற்றின் மேல், ஆசையாகத் தொடங்கிப் பாதியில் நிற்கும் இரண்டு மூன்று போர்வைகள்.

நடு அடுக்குக்கு எது என்பதை முதலில் முடிவு செய்துவிடலாம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. இப்படி அடுக்குப் போர்வை (குவில்ட்) தைப்பதற்கென்றே தாள்போல வரும் பஞ்சை ஆன்லைனில் வாங்கலாம். பொசுபொசுவென்று அழகாக இருக்கும். ஆனால் துவைப்பது யார்? இந்தக் கரையில் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். துணிக்குப் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அலசி முடியாது, பஞ்சு வைத்த போர்வை தண்ணீரைக் குடித்துக்கொண்டு இரண்டு பேர் தூக்குகிற கனத்துக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அது காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். இலவம்பஞ்சைத் தூவி வைப்பது அதைவிட மோசம், முதல் அலசலிலேயே ஒரு மூலைக்கு ஓடிவிடும். நமக்குக் குளிர் என்பதே மார்கழி வாடைக்காற்றும் ஏசி அறையும்தான். நடுவில் ஒரு பழைய பருத்திச் சேலை போதும். என் கணக்கில் இதில் போட்டியே இல்லை.

சரி, எப்படித் தைப்பது?

மெஷினில் ஓட்டிவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. "ஏன்க்கா கையால குத்திக்கிட்டு, மெஷின்ல விட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிருமே" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்பாள். சதுரங்களை ஒன்றோடொன்று இணைக்கிற வரைக்கும் அவள் சொல்வது உண்மை. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் தகராறு. வீட்டுக் கறுப்பு மெஷினில் ஊசிக்கும் மெஷினின் உடம்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சிறியது. போர்வையைப் பாய்போலச் சுருட்டி அதற்குள் நுழைத்து ஓட்ட வேண்டும். ஓரங்களில் சமாளிக்கலாம், நடுப்பகுதிக்கு வரும்போது தோள் கழன்றுவிடும். மேல்துணி ஒரு வேகத்திலும் அடித்துணி ஒரு வேகத்திலும் நகர்வதால் பின்பக்கம் சுருக்கம் விழும். 16ஆம் நம்பர் ஊசி, மேல்துணியையும் சேர்த்து இழுக்கிற வாக்கிங் ஃபுட், நீளத் தையல் மூன்றும் இருந்தால் நன்றாகவே வரும். அதோடு கடல்காற்றுக்கு மெஷினை எண்ணெய் போட்டு மூடி வைக்கிற பழக்கமும் வேண்டும்.

இரண்டாவது, முடிச்சு. மெத்தைக் கடையில் நீள ஊசியால் குத்தி இறுக்கி முடிச்சுப் போடுகிறார்களே, அதேதான். நாலு அங்குலத்துக்கு ஒன்றாக, தடித்த பருத்தி நூலை மேலிருந்து கீழே குத்தி மேலே எடுத்து இரண்டு முறை முடிந்து வெட்டிவிட வேண்டும். இதைவிட வேகமான முறை இல்லை. மேல்பக்கம் தைத்து முடிந்து வருடக்கணக்கில் மடித்துக் கிடக்கிற போர்வைக்கு நான் சொல்வது இதுதான். கைக்குழந்தைக்கு விரிப்பதாக இருந்தால் மட்டும் வேண்டாம், நூல் நுனியைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கும்.

மூன்றாவது முறை நம் ஊரில் அதிகம் தெரியாதது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். சதுரம் வெட்டுவது, இணைப்பது, பிறகு அடுக்குவது என்ற பேச்சே கிடையாது. பழைய சேலையை விரித்து, அதன் ஒரு மூலையில் தொடங்கி, கைக்கு வந்த துண்டை ஓரம் மடித்து வைத்து, எல்லா அடுக்கும் சேர, ஊசியை மேலும் கீழுமாக விட்டு எடுக்கும் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே ஓரமாகச் சுற்றி வருவார்கள். சுற்றுச் சுற்றாக உள்ளே வந்து நடுவில் முடியும். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூப்போல வைப்பார்கள்.

இதில் என்ன வசதி என்றால், கோணல்மாணலான துண்டும் போகும், மூன்று விரல் அகல நாடாவும் போகும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காருவதாலும் ஓரம் மடிவதாலும் மேல்பக்கமே கூடுதலாகத் துணி தின்னும். அளவு எடுத்து வெட்டுகிற வேலை இல்லை. ஓரப்பட்டி தனியாக வேண்டாம். மின்சாரம் போனாலும் திண்ணையில் உட்கார்ந்து தைக்கலாம். நேரம் மட்டும் ஆகும், மாதங்கள்கூட ஆகலாம். கல்யாணத்துக்கு முன் முடிக்க வேண்டிய அன்பளிப்பு என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள். வங்காளத்துக் காந்தாவும் பழஞ்சேலை மேல் ஓட்டுத்தையல்தான், ஆனால் அது முழுச் சேலைகளை அடுக்கித் தைப்பது. பெட்டியில் முழுச் சேலைகளே அதிகம் என்றால் அதைப் பார்க்கலாம்.

எந்த முறையானாலும் பருத்தியோடு பாலியெஸ்டரைக் கலக்க வேண்டாம். ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. இஸ்திரிப் பெட்டி வைத்தால் ஒன்று படியும், மற்றது உருகும். வளைகுடாத் துணிகளைப் பைக்கும் மெஷின் உறைக்கும் ஒதுக்கிவிடுங்கள். அடர்சிவப்பு, கருநீலச் சுங்குடியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுச் சாயம் பார்க்காமல் எதிலும் சேர்க்காதீர்கள்.

தைக்கவே போவதில்லை என்று தெரிந்த துணிக்குப் பெரிய யோசனை தேவையில்லை. பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவரிடம் போட்டால் ஒரு கைப்பை நிறையத் துணிக்கு ஒரு சின்னக் கிண்ணம் வரும், பேரம் பேசுகிற சுகம் தனி. தேறாத பருத்தித் துண்டுகளை மண்டபம், பாம்பன் பக்கம் போட் எஞ்சின் பார்க்கிறவர்களிடம் கொடுத்தால் எண்ணெய் துடைக்க வாங்கிக்கொள்வார்கள். பாலியெஸ்டரை அதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். முழு ஜாக்கெட் பிட்டுகளைத் தையல் பழகும் பெண்களுக்குக் கொடுப்பதே மூன்றிலும் நல்லது என்பேன்.

அப்புறம், பாதியில் நிற்பவற்றில் எதை முதலில் எடுப்பது? பிடித்ததை அல்ல, அடுக்குகள் நகராமல் ஊக்கு குத்திய நிலையில் மடித்துக் கிடப்பதை. இந்தக் காற்றில் ஊக்கு ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடிக்கும், அந்தக் கறை பருத்தியிலிருந்து எளிதில் போகாது. இந்த வாரம் உட்கார முடியாது என்றால் ஊக்குகளைக் கழற்றிவிட்டு நூலால் பெரிய பெரிய ஓட்டுத்தையலாகப் போட்டு வையுங்கள். இரும்பு டிரங்குப் பெட்டியில் வைப்பதானால் அடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து, அதற்கு மேல்.